முகநூல் வெறுப்புக்கு எதிராகச் சட்டத்தைக் கடுமையாக்கக் கேட்டால் அது யார்மீது பாயும்?

கேள்வி: துணுக்காய் மாதர் சங்கச் செயலாளர்

வணக்கம். துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் திருத்தப்படும் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, எங்கள் பக்கக் கருத்தையும் மனுவாக எழுதி வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. எழுதும் பொறுப்பு என்னுடையது. கையெழுத்து வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு விடயத்தில் எனக்குத் தெளிவு வேண்டும்.

மனு எழுந்த காரணத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியை ஒருவரின் படத்தை வேறொரு உடலோடு ஒட்டி, அவருடைய கைத்தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து, யாரோ போலிக் கணக்கிலிருந்து முகநூலில் போட்டார்கள். இரவிரவாக அழைப்புகள் வந்தன. அந்தப் பதிவை அச்செடுத்து, கொப்பி உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள்; அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்க முடியாமலே அவர் கையொப்பமிட்டார். இன்றுவரை ஒன்றும் நடக்கவில்லை. இது ஒருபுறம். மறுபுறம், மே மாதம் வந்தால் எங்கள் நினைவேந்தல்களைப் பற்றிச் சில சிங்களப் பக்கங்களில் எழுதப்படுவதும், எங்கள் ஆட்களே சில தமிழ்ப் பக்கங்களில் முஸ்லிம் மக்களைப் பற்றி எழுதுவதும் வாசிக்கக் கூசும் அளவுக்குப் போய்விட்டன.

ஆகவே, இனங்களுக்கிடையே பகையை வளர்க்கும் அல்லது ஒரு சமூகத்தின் மனத்தைப் புண்படுத்தும் எந்தப் பதிவையும் உடனே நீக்க வேண்டும், எழுதியவரைப் பிணையில்லாமல் உள்ளே வைக்க வேண்டும் என்று வரைவில் எழுதினேன். கூட்டத்தில் வாசித்தபோது, காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா எழுந்து, "பிள்ளை, உந்தச் சட்டத்தாலை நாளைக்கு எங்களைத்தான் பிடிப்பாங்கள்" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அவருடைய அச்சம் நியாயமானதா? ஒரு கூட்டத்தாரின் வெறுப்பைத் தடுக்கக் கேட்கும் சட்டம் இன்னொரு கூட்டத்தாரின் வாயை அடைக்கப் பயன்படுமா? அப்படியானால் அந்த ஆசிரியைக்கு நாங்கள் எதைக் கேட்பது?

பதில்: வவுனியா, சட்டத்தரணி

வணக்கம் அம்மா. அந்த அம்மாவின் அச்சம் நியாயமானது. அது வெறும் ஊகமும் அல்ல, இந்த நாட்டில் நடந்து முடிந்த வரலாறு. உங்கள் வரைவில் உள்ள "பகையை வளர்க்கும்" என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2(1)(h) பிரிவு, பேசியோ எழுதியோ வெவ்வேறு சமூகங்களுக்கிடையே பகையுணர்வை ஏற்படுத்துவதை, ஏற்படுத்த எண்ணுவதைக்கூட, குற்றமாக்குகிறது. படிப்பவருக்கு அது சிறுபான்மையினரைக் காப்பதற்கென எழுதப்பட்ட வாசகம் போலவே இருக்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் எழுத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பத்திரிகையாளர் ஒரு தமிழர். 2006இல் ஒரு மாத இதழில், கிழக்கில் நடந்த இராணுவ நடவடிக்கைகளையும் அங்கு மக்கள் பட்ட துன்பத்தையும் பற்றி எழுதியமைக்காக ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, 2009 ஓகஸ்ட் 31இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். 2010இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அதற்குள் அந்த வழக்கு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. மக்கள் படும் துன்பத்தை எழுதுவதே சமூகங்களுக்கிடையே பகையை வளர்ப்பதாக ஒரு நீதிமன்றத்தில் எண்பிக்கப்படலாம் என்றால், வன்னியில் 2009இல் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதும் எந்தப் பதிவு பாதுகாப்பானது?

அடுத்தது, நாம் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று அழைக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். மனித உரிமைகளைப் பேணும் சர்வதேச உடன்படிக்கையின் பெயரைத் தாங்கியது. இன, மத வெறுப்பைப் பரப்பி, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுவதை அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. தண்டனை 10 ஆண்டுவரை போகலாம். பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில்தான். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தமைக்காகப் பெண்கள் உட்பட நான்கு பேரைப் பொலிஸார் பிடித்தபோது எடுத்துக் காட்டியது இந்தச் சட்டத்தைத்தான். போரின் கடைசி நாட்களில் உண்ண வேறேதும் இல்லாமல் மக்கள் குடித்த கஞ்சியை நினைவுக்காகப் பகிர்வது, வெறுப்புப் பேச்சுச் சட்டத்துக்குள் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இப்போது நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி 24இல் 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு அது நிறைவேறியது. பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்காகவே கொண்டுவருகிறோம் என்று அரசு சொன்னது. அவர்களுக்குப் பயன்படக்கூடிய பிரிவுகளும் அதில் உண்டு. ஆனால் 12ஆம் பிரிவு, தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான, அல்லது மக்கள் பிரிவினருக்கிடையே பகையுணர்வை வளர்க்கும் பொய்க் கூற்றுகளைப் பற்றியது. 45 ஆண்டுகளுக்கு முந்திய சட்டத்தின் அதே பகையுணர்வு இங்கே திரும்பி வந்திருப்பதைக் கவனியுங்கள். எது பொய் என்று தீர்மானிக்கும் ஆணைக்குழுவின் ஐந்து உறுப்பினர்களையும், அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலுடன், நியமிப்பவர் சனாதிபதி. இறுதிப் போரில் என்ன நடந்தது என்பதில் அரசு சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றாக இல்லாத நாட்டில், உண்மை எது என்று தீர்க்கும் பொறுப்பை அரசு அமைக்கும் ஒரு சபையிடம் கொடுங்கள் என்று வன்னிப் பெண்கள் கையெழுத்திட்டுக் கேட்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆசிரியையின் விடயம் வேறு. அவருக்கு நடந்தது ஓர் ஆளுக்கு நேர்ந்த தீங்கு. படம் யாருடையது, இலக்கம் யாருடையது, யார் போட்டது என்று மூன்றையும் சாட்சியத்தால் நிறுவலாம். எந்தச் சமூகத்தின் மனமாவது புண்பட்டதா என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. மனுவை இந்தக் கோட்டின் இந்தப் பக்கத்திலேயே நிறுத்துங்கள் என்பதே என் ஆலோசனை.

பதில்: புதுக்குடியிருப்பு வாசகர்

சட்டத்தரணி ஐயா சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் வரலாறுதான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டபோது, அதற்கு முன்பே முகநூலில் சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முறையிட்டிருந்தார்கள். நிறுவனம் செவிசாய்க்கவில்லை. தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக அது 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்? அந்தக் கலவரத்தில் முன்னின்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பிடித்து மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைக்க முடிந்ததும் இதே ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தால்தான். 2016இல் இஸ்லாத்தை இழிவுபடுத்திப் பேசியமைக்காகப் பௌத்த பிக்கு ஞானசார தேரருக்கு 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவும் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு வந்திருக்குமா?

பெரும்பான்மையினருக்குச் சட்டம் தேவையில்லை, அவர்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய சமூகங்களுக்குச் சட்டத்தை விட்டால் வேறு துணை ஏது? பிழையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகச் சட்டமே வேண்டாம் என்று சொன்னால், 2023 ஒக்ரோபரில் தெற்கிலுள்ள தமிழரை வெட்டுவோம் என்று மட்டக்களப்பிலிருந்து ஒரு பிக்கு பேசிய காணொளியைப் போன்ற ஒன்று நாளை வரும்போது நாங்கள் எந்தப் பிரிவைக் காட்டி முறையிடுவது? அக்கா, உங்கள் வரைவின் நோக்கத்தைக் கைவிட வேண்டாம்.

பதில்: மன்னார், முசலிப் பக்கத்து ஆசிரியர்

தம்பியின் கேள்வி நேர்மையானது. நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. என் எண்ணத்தை மாற்றியது எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று. சிலாவத்துறைப் பகுதியைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2017இல் தமிழில் வெளியான அவருடைய கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று சொன்னார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் அதைப் புரட்டினால், வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளையே அதில் காண்பார்கள். 2021 டிசம்பரில் பிணை கிடைக்கும்வரை உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

கவிதையை வாசிக்க முடியாதவர்கள் அதன் பொருளைத் தீர்மானிக்கும் நிலை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. வன்னியில் யார் தமிழில் என்ன எழுதினாலும், அது குற்றமா என்று பார்க்கும் கோப்பு பெரும்பாலும் சிங்களத்திலேயே நகர்கிறது. உங்கள் ஊர் ஆசிரியையின் முறைப்பாடும் அப்படித்தானே எழுதப்பட்டது? முறையிடுபவரின் வாக்குமூலத்தையே அவருடைய மொழியில் எழுதாத ஓர் இடத்தில், எழுதியவரின் எண்ணத்தை அவருடைய மொழியில் அளப்பார்கள் என்று எப்படி நம்புவது?

ஞானசார தேரரின் வழக்கைத் தம்பி எடுத்துச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவருடைய பேச்சுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள் போயின. தண்டித்ததும் பழைய தண்டனைச் சட்டக்கோவைதான், புதிய சட்டமல்ல. 2019 மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், தன் உடையில் இருந்த கப்பல் சுக்கானின் படம் தர்மச் சக்கரம் என்று பொலிஸார் கருதியதால், ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் உடனே கைதாகி வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். அதே சட்டத்தின் கீழ், ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் அளவில் உள்ளே இருந்தார். பிக்குமாரின் முறைப்பாடே அதற்குக் காரணம். செல்வாக்குள்ளவரை எட்ட ஆண்டுகள் எடுக்கும் சட்டம், செல்வாக்கு இல்லாதவரை ஒரு பகலில் எட்டிவிடுகிறது. சிங்களவராக இருந்தும் அந்த எழுத்தாளர் தப்பவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில்: கிளிநொச்சி, மலையகத்திலிருந்து வந்த குடும்பம்

ஒரு சிறிய கருத்து. 1977 வன்செயலுக்குப் பிறகு என் தாத்தா குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறினார். எங்களைத் தோட்டக்காட்டார் என்று எழுதும் பதிவுகள் தமிழ்ப் பக்கங்களிலேயே இன்றும் வருகின்றன. சாதியைச் சொல்லி எழுதுவதும் அப்படியே. இனத்தையும் மதத்தையும் மட்டும் கண்ணில் வைத்து நீங்கள் கேட்கும் சட்டம் எங்களுக்கு எப்படியும் உதவாது, ஏனென்றால் எங்களை இழிவுபடுத்துபவர்களும் நாங்களும் பொலிஸின் கணக்கில் ஒரே இனம், பெரும்பாலும் ஒரே மதம். ஆனால் அந்த இழிவை எதிர்த்து நாங்கள் காரமாக எழுதினால், ஊரின் ஒற்றுமையைக் குலைக்கிறார்கள் என்று எங்கள்மீது முறைப்பாடு கொடுப்பதற்கு அதே சட்டம் தாராளமாக உதவும். மனுவில் கையெழுத்துக் கேட்டு எங்கள் குடியிருப்புக்கும் வருவீர்கள் என்றால் இதை யோசித்துவிட்டு வாருங்கள்.

பதில்: வவுனியா, சட்டத்தரணி

புதுக்குடியிருப்புத் தம்பிக்கு. சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆளையோ ஒரு கூட்டத்தையோ தாக்கும்படி தூண்டுவதும், கொலை மிரட்டல் விடுப்பதும் குற்றமாகவே இருக்க வேண்டும். அந்தப் பிக்குவின் பேச்சில் வெட்டுவோம் என்ற மிரட்டலே இருந்தது. அங்கே இல்லாமற் போனது சட்டப் பிரிவு அல்ல. ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்யுங்கள் என்று பலர் கேட்டும் பொலிஸ் உடனே அசையவில்லை. இருக்கின்ற பிரிவையே ஒரு பக்கத்துக்குப் பயன்படுத்தத் தயங்கும் கைகளில், அதைவிட அகலமான இன்னொரு பிரிவைக் கொடுத்தால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதே என் கவலை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பிரித்தானியாவில் கறுப்பின மக்களையும் குடியேறியவர்களையும் காப்பதற்கென 1965இல் இன உறவுகள் சட்டம் வந்தது. இன வெறுப்பைத் தூண்டுவதை அது குற்றமாக்கியது. இரண்டே ஆண்டில், 1967இல், மைக்கல் எக்ஸ் என்று அறியப்பட்ட கறுப்பினச் செயற்பாட்டாளர் வெள்ளையருக்கு எதிராகப் பேசியமைக்காக அதே சட்டத்தின் கீழ் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் பேசியது சரியென்று நான் வாதிடவில்லை. யாருக்காக இயற்றப்பட்டதோ அவர்களையே அந்தச் சட்டம் எவ்வளவு விரைவில் தேடி வந்தது என்பதைப் பாருங்கள். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியிருந்தது. 2012 நவம்பரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் மறைவையொட்டி மும்பை முடங்கியதைப் பற்றி முகநூலில் கேள்வி எழுப்பிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் பால்கரில் கைதானார்கள். 2015 மார்ச் 24இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக நீக்கியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பொலிஸார் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள் என்பது 2021இல் அந்த நீதிமன்றத்தையே அதிர வைத்தது. ஒருமுறை பொலிஸின் கைக்குப் போன பிரிவை மீட்பது அவ்வளவு கடினம்.

பிணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலாளர் அம்மா, உங்கள் வரைவில் "பிணையில்லாமல்" என்று எழுதியிருப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. நான் பார்த்தவரை, இத்தகைய வழக்குகளில் தண்டனை என்பது தீர்ப்பில் இல்லை, தீர்ப்புக்கு முந்திய விளக்கமறியலில் இருக்கிறது. குற்றப்பத்திரம் வராமலே வீட்டின் உழைப்பாளி மாதக்கணக்கில் உள்ளே இருப்பார். பின்னர் வழக்கு மெல்லக் கைவிடப்படும். யாரும் பொறுப்புக் கூறுவதில்லை. மாவீரர் நாளையொட்டி முகநூலில் படம் பகிர்ந்து கைதான இளைஞர்களின் வீட்டாரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பதில்: புதுக்குடியிருப்பு வாசகர்

ஐயா, பிணை பற்றிய உங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆனாலும் மிரட்டலையும் வன்முறைத் தூண்டலையும் பற்றி மனு வாய் திறக்காமல் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முகநூல் போன்ற நிறுவனங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வரும் முறைப்பாடுகளை அந்த மொழி தெரிந்தவர்களைக் கொண்டு பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு யாரையும் சிறையிலடைக்கத் தேவையில்லை. அதையாவது சேருங்கள்.

பதில்: துணுக்காய் மாதர் சங்கச் செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் உங்கள் பதில்களை உரத்து வாசித்தேன். நீண்ட நேரம் பேசியபின் மனுவைப் புதிதாக எழுத முடிவு செய்தோம். பகையுணர்வு, சமூகத்தின் மனம் புண்படுதல், பிணையில்லாத தடுப்பு ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டோம். ஒருவரின் படத்தையோ தனிப்பட்ட விவரத்தையோ அவருடைய சம்மதமின்றி வெளியிட்டால் குறித்த நாட்களுக்குள் நீக்கவும், போலிக் கணக்கின் பின்னால் உள்ளவரைக் கண்டறியவும் பொலிஸுக்குக் கட்டாயக் கடமை வேண்டும் என்று கேட்கிறோம். உயிர் மிரட்டலையும் நேரடியாக வன்முறைக்கு அழைப்பதையும், யார் பேசினாலும் ஒரே அளவுகோலில் விசாரிக்க வேண்டும் என்றும், நிறுவனங்கள் தமிழ் தெரிந்தவர்களைப் பணியில் வைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் எழுத்துப் பற்றிய பிரிவையும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவையும் நீக்கக் கேட்கும் பந்தி, எழுந்து பேசிய அந்த அம்மாவின் வற்புறுத்தலால் சேர்ந்தது.

கிளிநொச்சித் தம்பி எழுதியதைப் பற்றி இரு கருத்து இருந்தது. சாதியையும் பூர்வீகத்தையும் சொல்லி இழிவுபடுத்துவதை மனுவில் சேர்க்க வேண்டும் என்று சிலரும், அதை ஊருக்குள் நாங்களே பேசித் தீர்க்க வேண்டுமே தவிர பொலிஸிடம் கொண்டுபோகக் கூடாது என்று சிலரும் சொன்னார்கள். அது முடிவாகவில்லை. அவர்களுடைய குடியிருப்புக்குப் போய்க் கேட்டபின் தீர்மானிப்போம். கடைசியாக ஒன்று கேட்கிறேன்: ஆசிரியையின் முறைப்பாட்டை இப்போது என்ன செய்வது?

பதில்: வவுனியா, சட்டத்தரணி

சட்டம் திருந்தும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. வட மாகாணத்தில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தன் வாக்குமூலத்தைத் தமிழில் மீண்டும் பதியுமாறு அவர் எழுத்தில் கேட்கலாம். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்திலும் முறையிடலாம். பதிவின் இணைப்பு, திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி எடுத்த திரைப் படங்களைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட வேண்டாம், அச்செடுத்த தாள் மட்டும் போதாது. மிரட்டல், பாலியல் தொந்தரவு ஆகியவை தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றங்கள். நிலையத்துக்குப் போகும் நாளைச் சொன்னால், வவுனியாவிலிருந்து நானோ என் கனிஷ்ட சட்டத்தரணியோ கூட வருகிறோம், கட்டணம் வேண்டாம்.